சருகுக்கு வக்கீல்

இலையுதிர்காலமாம். காலையில் ஆங்கில வகுப்பில் மேடம் அதைச் சொன்னபோதே கையைத் தூக்கினேன், உட்காரும்மா என்றார்கள், உட்கார்ந்தேன், ஆனால் வயிற்றுக்குள் அந்தக் கை இன்னும் தூக்கியபடியே நிற்கிறது. ஐப்பசியில் எந்த ஊரில் இலை உதிர்கிறது? எங்கோ உதிரும், உதிரட்டும், அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். இங்கே வேம்பு மொட்டையாவது மாசி பங்குனியில், அப்போது யாரும் கவிதை நடத்துவதில்லை, மாடல் தேர்வு நடத்துகிறார்கள். ஐப்பசியில் எல்லாம் முளைக்கிறது. முந்தாநாள் பெய்த மழைக்கு இந்த மோட்டார் ரூம் சுவரில்கூடப் பச்சை வந்துவிட்டது, தொட்டால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருக்கிறது. படிக்குக் கீழே மரவட்டை ஒன்று தன் ரயிலை ஓட்டிக்கொண்டு போகிறது. மைதானத்துக்கு மேலே தட்டான்கள், எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்காமலே வந்து, யாரும் வழியனுப்பாமலே போகப்போகிறவை. நேற்று ஹாஸ்டல் ட்யூப்லைட்டில் ஈசல், சாம்பாரிலும் ஈசல், வார்டன் அதற்கும் எங்களைத்தான் திட்டினார். வாலாட்டிக் குருவி வந்துவிட்டது, சைக்கிள் ஷெட்டுக்கு முன்னால் தேங்கிய தண்ணீரில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறது, ஏதோ கல்லூரியைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி. கீச்சானும் வந்துவிட்டது, கரண்ட் கம்பியில் உட்கார்ந்து எல்லாரையும் கண்டித்துக்கொண்டிருக்கிறது, என் இனம். எல்லாரும் வந்துவிட்டார்கள். வரவேண்டிய ஒரே ஒரு ஆள் வரவில்லை. அது இன்று வந்தாக வேண்டும், இருட்டுவதற்குள், சவரிமுத்து சார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, அவர் கிளம்புவதற்கு முன்னால். இல்லாவிட்டால் நாளைக் காலை இந்த இடத்துக்குள் பொக்லைன் இறங்கும். யார் இப்படி ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டது? நான்தான். ஒத்துக்கொண்டதுகூட இல்லை, நானே போட்ட நிபந்தனை. வாதத்தில் ஜெயிக்கிற வேகத்தில் வாய் ஒரு பறவையின் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டது. பறவையிடம் கேட்டேனா? இல்லை.

இந்த இடம் என்ன பெரிய இடம் என்று நேற்று சார் கேட்டார், அது நியாயமான கேள்வி, அதுதான் எனக்கு ஆத்திரம். வேதியியல் துறைக்குப் பின்னால், மோட்டார் ரூமுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மூலை. வயதான மாமரம் ஒன்று, புங்கை நாலைந்து, ஒரு மூங்கில் புதர், நொச்சி. மேல்தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் இங்கேதான் ஊறுகிறது, அதனால் மேலே கிடக்கிற சருகு காய்ந்தும் அடியில் கிடப்பது நைந்தும், டீத்தூள் மாதிரி கருத்தும், கிளறினால் ஒரு வாசனை, அதை எப்படிச் சொல்வது, புதுப் புத்தகத்துக்கும் பழைய சோற்றுக்கும் நடுவில் ஒரு வாசனை. அவ்வளவுதான். இதைத்தான், கல்லூரிக்குத் தரம் போடுகிற ஆய்வுக்குழு வருவதற்குள், பல்லுயிர்ப் பூங்கா ஆக்கப்போகிறார்கள். உயிரை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு அதன் பேரில் பூங்கா! ஆய்வுக்குழு வருகிறது என்றால் எங்கள் கல்லூரிக்கு வழக்கமாக ஒரு காய்ச்சல் வரும், மரத்துக்கெல்லாம் இடுப்பு வரை காவியும் வெள்ளையும் அடிப்பார்கள், கல்லுக்கும் அடிப்பார்கள், அசையாமல் நின்றால் எனக்கும் அடிப்பார்கள். சார் வணிகவியல் துறை, அழகுபடுத்தும் குழுவுக்குத் தலைவர், மேசைமேல் வரைபடத்தை விரித்து ஆசையாகக் காட்டினார், இங்கன புல்தரை, இங்கன சிமெண்டு மான் ரெண்டு, இங்கன மயிலு, கிளி கூட உண்டும்மா, பச்சைப் பெயிண்டு அடிச்சு. கிளிக்குப் பெயிண்டா சார் என்றேன். பொறவு சிமெண்டுக் கிளி பச்சையாவா பொறக்கும் என்றார். சிரிப்பு வந்தது, சிரித்தால் வாதம் போய்விடும், அதனால் கத்தினேன். அந்தப் பறவை இமயமலை அடிவாரத்திலிருந்து வருது சார், பறக்கக்கூடத் தெம்பில்லாத உருண்டை உடம்பு, ராத்திரி ராத்திரியா வந்து இந்தச் சருகுலதான் இறங்குது, முதுகு பச்சை, தோளில ஒரு நீலம் இருக்கு பாருங்க, அது எந்தப் பெயிண்டுக் கடையிலயும் கிடையாது, வயிறு சந்தன நிறம், வாலுக்கு அடியில ரத்தச் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, இவ்வளவும் ஒரு கைப்பிடி உடம்புல, அதுக்குப் பூங்கா வேண்டாம், குப்பைதான் வேணும், குப்பையைக் கிளறினாத்தான் அதுக்குச் சாப்பாடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருஷம் லேடீஸ் டாய்லெட்டுக்குள்ள கட்டுவிரியன் வந்துச்சே, அது எங்கேருந்து வந்துச்சு? இங்கேருந்து. ஒரு பிள்ளையக் கடிச்சிருந்தா அது அப்பனுக்கு யாரு பதில் சொல்லுவா, உன் பறவையா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் நான் மேலும் சத்தமாகப் பேசுவேன், அது எனக்கே தெரியும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க சார், காட்டுறேன், ஒங்க கண்ணால பாத்த பொறவு பொக்லைன் விடுங்க பாப்போம் என்றேன். அவர் வரைபடத்தைச் சுருட்டினார். சரிம்மா, காட்டு, பாத்தா நிறுத்துதேன், பாக்கலேன்னா நீ வாயத் தொறக்கக்கூடாது. சருகுக்கு வக்கீல் வச்ச காலேஜ் நம்ம காலேஜ்தான் என்று அட்டெண்டரைப் பார்த்துச் சொன்னார், கேலியாகச் சொன்னாரா, பெருமையாகவா, இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை.

மேகம் மேற்கே மலையைத் தின்றுவிட்டு இந்தப் பக்கம் பார்க்கிறது. ஜொகரா வருகிறாள், அவள் செருப்பு அவளுக்கு முன்னால் வந்து சொல்லிவிடும், ஒரு கையில் டீ தம்ளர், ஒரு கையில் வடைப் பொட்டலம், மேலப்பாளையத்துக்காரி, என் அறைத்தோழி, விலங்கியல், ஆனால் தவளையைத் தவிர எதையும் நெருங்கிப் பார்க்க விரும்பாதவள். ஏட்டி இசக்கி, வந்துட்டாரா ஒங்க வடநாட்டு மாப்பிள்ளை? வரல. சாரு? அவரும் வரல. அப்ப ரெண்டு பேரும் சேந்து வருவாங்க, நீ வடையத் தின்னு. வடையின் சூடு காகிதத்தைத் தாண்டி உள்ளங்கையில் இறங்கியது. இவளுக்கு என்மேல் எவ்வளவு பிரியம், காட்டிக்கொள்ளவே மாட்டாள், எல்லாவற்றையும் எண்ணெயில் பொரித்துத்தான் கொடுப்பாள். போன வருஷம் வந்த அதே பறவைன்னு எப்படிட்டி சொல்லுத, ஆதார் கார்டு காட்டுச்சா? அதே பறவை என்று நான் சொல்லவில்லையே, அதே இடம் என்றுதான் சொன்னேன், நிரூபிக்க முடியாததை நான் சொல்வதில்லை. பின்ன நாளைக்குக் காட்டுதேன்னு சாருகிட்ட சொன்னது? வடையை இன்னொரு கடி கடித்தேன். சரி விடு, என்ன பறவைன்னாவது சொன்னியா? அந்தப் பறவைன்னு சொன்னேன். அந்தப் பறவைன்னா? பேரு? யோசித்தேன். நிறம் சொன்னேன், தூரம் சொன்னேன், என்ன தின்னும் என்று சொன்னேன், கல்லூரியின் மனசாட்சியைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன், பேர் சொல்லவில்லை. ஜொகரா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், மூங்கிலில் இருந்த தவிட்டுக்குருவிகள் எல்லாம் கலைந்து கத்தின. அம்புட்டு நேரம் கத்தியிருக்க, பேரச் சொல்லல? யாருக்காக வழக்குன்னு பேரே இல்லாத மனுட்டி இது! சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது என்றேன். இருந்தது. பள்ளியில் அந்தப் பேரைச் சொன்னபோதெல்லாம், ஏன், மீதி நேரமெல்லாம் டூட்டி கிடையாதா, அலாரம் வச்சுக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணிவாக்கில் கூப்பிடுவதால் ஆறுமணிக்குருவி, அது என்ன சிரிப்பான பேரா, எட்டு மணி பஸ் என்றால் யாராவது சிரிக்கிறார்களா? ஆனால் நேற்று அதை யோசித்தா விட்டேன்? இல்லை. வேகத்தில் விட்டேன். ஜொகராவிடம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, அவளும் ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை, என் தலையில் ஒட்டியிருந்த நொச்சி இலையை எடுத்துப்போட்டுவிட்டு, தொழுகைக்கு நேரமாச்சு, பறவை வந்தா என் சலாம் சொல்லு என்று போனாள். இருந்தால் இன்னும் சிரிப்பாள், போனால் இந்த இடம் ஒரேயடியாகப் பெரிதாகிவிடுகிறது.

சருகில் சத்தம். ஓணான். இல்லை, அணில். மறுபடியும் சத்தம், இது என்ன, மாமரத்துச் சுள்ளி விழுந்தது. போன வருஷமும் இப்படித்தான், ஆனால் அப்போது நான் எதற்கும் காத்திருக்கவில்லை, அதனால்தான் வந்ததோ என்னவோ. கல்லூரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகியும் எனக்கு இங்கே யாரையும் பிடிக்கவில்லை, யாருக்கும் என்னையும். வகுப்பில் எதைச் சொன்னாலும் மறுக்கிறாள் என்று பேர். மறுக்கிற மாதிரி நீங்கள் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பேன், அதற்கும் ஒரு பேர். அன்று யாரோ கரும்பலகையில் என் படம் வரைந்திருந்தார்கள், உடம்பெல்லாம் வாய். நன்றாகவே வரைந்திருந்தார்கள். சிரித்துவிட்டு வெளியே வந்து, இந்தப் படியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன், டி.சி. வாங்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கே போய்விடுவது என்று முடிவுசெய்தேன், அப்பாவிடம் எப்படி வாதாடுவது என்று ஒத்திகைகூட பார்த்தாயிற்று. அப்போது சருகு ஒன்று தானாகப் புரண்டது. அதற்குப் பின்னால் அது நின்றது. வாலே இல்லாத மாதிரி ஒரு வால், நீளக் கால், திருடன் மாதிரி கண்ணுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, அத்தனை நிறத்தையும் போட்டுக்கொண்டு யாருக்கும் காட்டாமல் குப்பையில் வேலை பார்க்கிற ஒரு ஆள். என்னைப் பார்த்தது. நான் மூக்கை உறிஞ்சினேன். அது பயப்படவில்லை, ஒரு இலையைப் புரட்டிப்போட்டது, ஒரு மண்புழுவை இழுத்தது, இழுபடாமல் புழு முரண்டு பிடித்தது, அது இன்னும் இழுத்தது, ஜெயித்தது, என்னைத் திரும்பப் பார்த்தது. நான் பேசாமல் இருந்த நேரங்களில் அதுதான் மிக நீளமானது. மறுநாளும் வந்தேன், அதற்கு மறுநாளும், டி.சி. விஷயம் மறந்துபோனது, பங்குனி வெயிலில் அது போன பிறகுதான் நான் எங்கும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டேன் என்பது தெரிந்தது. இதை நேற்று சாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியுமா? இமயமலையைச் சொன்னேன், என் மூக்கைச் சொல்லவில்லை. இந்த வருஷம் வடக்கே மழை நிற்கவே இல்லை என்கிறார்கள். களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுகிறவை உண்டாம், வெளிச்சத்தைப் பார்த்துத் திசை கெட்டு. ஹாஸ்டல் வராந்தாவில் இரவெல்லாம் எரிகிற அந்தப் பெரிய விளக்கு. சுற்றுகிற மின்விசிறி. வேண்டாம். மின்விசிறியை நினைக்காதே. நினைக்காதே என்றதும் அது சுற்றத் தொடங்குகிறது, பச்சை, நீலம், சந்தனம், சிவப்பு, எல்லாம் கலந்து ஒரே வெள்ளையாக. இயற்பியல் ஆய்வகத்தில் நிறத்தட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், அப்படி. வரவில்லை என்றால் வராமலே போகட்டும், வேறு எங்காவது நல்ல குப்பையில் இறங்கியிருக்கட்டும், நான் தோற்றுவிட்டுப் போகிறேன். இல்லை, தோற்க மாட்டேன். வா. இடம் இருக்கும்போதே வா.

குடை தட்டுகிற சத்தம். சவரிமுத்து சார். சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டார், வராமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி, வாக்குத் தவறியது நிர்வாகம் என்று நாளைக்கு முழங்கியிருக்கலாம். டிபன் பை தோளில், பேண்ட்டை ஒரு மடிப்பு மடித்து, பாம்பைப் பார்த்துப் பார்த்து அடி எடுத்து வைத்து வருகிறார். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எங்கம்மா உன் கட்சிக்காரரு? வருவாரு சார், சத்தம் போடாதீங்க. நானா சத்தம் போடுதேன் என்றார் மெதுவாக. மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் மேலிருந்து சாக்பீஸும் கோடாலித் தைலமும் கலந்து ஒரு வாசனை வந்தது, நாள் முழுக்க நின்று பாடம் நடத்திய மனிதர், வீட்டுக்குப் போயிருக்கலாம், சருகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இவர்மேல் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடவேண்டியிருந்தது. நல்லவேளை, அவரே எடுத்துக்கொடுத்தார். நாங் கேக்கேன், புல்தரை போட்டாலும் புழு இருக்கத்தானே செய்யும்? புல்தரைக்கு மருந்து அடிப்பீங்கல்ல சார்! அடிக்காம இருந்தா? அடிக்காம இருந்தா அது புல்தரையா இருக்காது, காடா ஆயிடும், அப்ப இத ஏன் அழிக்கணும்? பாம்புக்கு என்ன வழி சொல்லுத? பாம்புக்கு வழி டாய்லெட் கதவுக்கு அடியில இருக்கிற ஓட்டைய அடைக்கிறது சார், மூணு கடிதம் கொடுத்தாச்சு, ஓட்டைய அடைக்காம காட்டை அடைக்கிறது என்ன நியாயம்? ஆகா, நேற்று வராத பதில் இன்று வந்துவிட்டது! என் குரல் ஏறியது, ஏறுவது எனக்கே கேட்டது, ஏறுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுகிற மாதிரி. பாம்பும்கூட எலியைத் தின்னுட்டுத் தன் பாட்டுக்குப் போற ஆள்தான் சார், அதுக்கு நம்ம டாய்லெட்டுல என்ன ஆசை, அது மட்டும் இல்ல, ஆய்வுக்குழு வந்து சிமெண்டு மானைப் பாத்து மார்க் போடுவாங்கன்னா அந்தக் குழுவே... அவர் கையைத் தூக்கினார். உள்ளங்கை என் முகத்துக்கு நேரே. என்னைப் பார்க்கவில்லை, மூங்கிலைப் பார்த்தார். நான், அந்தக் குழுவே என்று இன்னொரு முறை சொன்னேன். ஷ்ஷ் என்றார். பேசி முடிச்சுக்கிறேன் சார் என்றேன். கேட்டுச்சும்மா என்றார்.

என்ன கேட்டுச்சு? கூப்பிட்டுச்சு, அந்தால மூங்கிலுக்கு அடியில. நான் மூச்சை நிறுத்திக் கேட்டேன். தண்ணீர் சொட்டு. தவிட்டுக்குருவிகளின் சண்டை. தூரத்தில் ஹாஸ்டல் மணி. வேறு எதுவும் இல்லை. தவிட்டுக்குருவியாயிருக்கும் சார். இல்லம்மா, இது வேற. செம்போத்து? செம்போத்து எனக்குத் தெரியாதா, நான் நாங்குநேரிக்காரன். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, இவர் இரக்கப்படுகிறார். இருட்டிவிட்டது, பிள்ளை அழுதுவிடும், ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவைப்போம் என்று நினைக்கிறார். இரக்கத்தில் கிடைக்கிற தீர்ப்பு எனக்கு எதற்கு? எப்படிக் கூப்பிட்டுச்சு சார், அடிச்சுக் காட்டுங்க. ஏம்மா, நான் உன் பக்கம் சாட்சி சொல்லுதேன், நீயே குறுக்கு விசாரணை பண்ணுத! காட்டுங்க சார். சுற்றிலும் பார்த்தார், மாணவர்கள் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். மீசையை ஒதுக்கி உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்று வந்தது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். வ்வீட், ட்டியூ. மேலே ஒரு கீற்று, சட்டென்று கீழே ஒரு சறுக்கல். அதேதான், போன வருஷம் முழுக்க நான் கேட்டது, யூடியூப்பில கேட்டிருப்பீங்க என்று வாய் அதற்குள் சொல்லிவிட்டது, என் வாய், அதற்கு வேறு வேலை தெரியாது. எதன்னு தேடுவேன்? நீதான் பேரே சொல்லலியே, நேத்தெல்லாம் அந்தப் பறவை, அந்தப் பறவைன்னுதானே கத்துன. ஆமாம். சொல்லவில்லை. நிறம் சொன்னேன், தூரம் சொன்னேன். குரலைச் சொன்னேனா? இல்லை. பேரைச் சொல்லாமல் குரலை எங்கே சொல்வது? திரும்பத் திரும்ப நேற்றைய பேச்சுக்குள் போய்த் தேடினேன், மேசை, வரைபடம், சிமெண்டுக் கிளி, கத்தினேன், கத்தினேன், எங்கேயும் ஒரு விசில் இல்லை. அப்படியானால் வந்திருக்கிறது. மின்விசிறி இல்லை, வராந்தா விளக்கு இல்லை, அத்தனை இரவையும் தாண்டி இந்த மூங்கிலுக்கு அடியில் இறங்கி, இந்த வருஷத்தின் முதல் குரலைக் கொடுத்திருக்கிறது. கொடுத்தபோது நான் அதற்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

சார் பையிலிருந்து போனை எடுத்தார். ஏல முருகையா, நாளைக்குப் பொக்லைன் வண்டி வேண்டாம். இல்லப்பா, மழைக்காகச் சொல்லல. அந்த எடத்துல குடித்தனம் வந்திருக்கு. ஆமா, இப்பத்தான். பொறவு பேசுதேன். போனைப் பைக்குள் வைத்தார். பங்குனி வரைக்குமா சார், இல்ல எப்பவுமா என்று கேட்டேன், கேட்காமல் எப்படி இருப்பது? கண்ணால பாத்தாத்தானே நிறுத்துதேன்னு சொன்னேன், காதால கேட்டதுக்கு இப்போதைக்கு இது போதும், மீதிக்கு நாளைக்கும் வாரேன் என்றார். அந்த டாய்லெட்டுக் கதவு விஷயத்தையும் ஞாபகப்படுத்து. சரி, அது பேரு என்னம்மா? சொன்னேன். ஆறுமணிக்குருவி. அவர் சிரிக்கவில்லை. வாட்சைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சம் போதவில்லை, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், பேருக்கும் நேரத்துக்கும் கணக்குச் சரியாக இருக்கிறது என்கிற மாதிரி. இப்பவாவது வாய மூடு, மறுபடி கூப்பிடுதா பாப்போம். அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, நல்ல பதில், நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன். காலையிலிருந்து வயிற்றுக்குள் தூக்கியபடியே நின்ற கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. முதல் தூறல் மாவிலையில் விழுந்தது, அவர் குடையை விரித்துப் பாதியை என் பக்கம் சாய்த்தார். குடையில் மழைச் சத்தம் அதிகமாகக் கேட்குமே, மடக்குங்கள் என்று சொல்ல நினைத்தேன், அவரே புரிந்துகொண்டு மடக்கினார். நனைந்துகொண்டே மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்துவிட்டது, எனக்குக் கேட்காவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அது எப்படி, எனக்கும் கேட்க வேண்டும், எனக்குத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று அடுத்த கணமே அதை மறுத்தேன், மறுத்ததற்குக் காரணங்களும் வரிசையாக வந்தன, ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.